ஆக்குபேஷனல் தெரபின்னு சொல்லி 48,000 வாங்கிட்டாங்க. வீட்டுல வயசானவங்க இருந்தா இதைப் படிங்க

கோபத்துலதான் எழுதறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. இன்னிக்கு மதியம் அந்தக் கம்பெனியிலிருந்து கடைசி பதில் வந்துச்சு: "சேவை தொடங்கிவிட்டதால் பணத்தைத் திருப்பித் தர இயலாது." 48,000! பேரைப் போடல. வயசானவங்களுக்கு வீட்டுக்கே வந்து தெரபி தர்றோம்னு ஆப் வெச்சு நடத்துற கம்பெனி, அவ்வளவு போதும்.

அப்பாவுக்கு 81 வயசு. பெரிய வியாதின்னு ஒண்ணும் இல்ல, உடம்பு தளர்ந்து போச்சு. எடை குறைஞ்சு, நடை மெதுவாகி, பாத்ரூம்ல ஒரு தடவை விழுந்ததுக்கு அப்புறம் தனியா குளிக்கவே பயப்படறார். பிசியோ மட்டும் போதாது, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருத்தர், அதாவது குளிக்கிறது, எழுந்திருக்கிறது மாதிரி தினப்படி வேலைகளைத் தானே செய்ய வழி பண்ணித் தர்றவர், வீட்டுக்கே வந்து பார்க்கட்டும்னு டாக்டர் சொன்னார்.

முதல் நாள் வந்தவங்களைப் பத்திச் சொல்லியே ஆகணும். அவங்களை நம்பித்தான் பணமே கட்டினேன். வந்ததும் ஃபைலைக் கேட்கல. அப்பா பக்கத்துல உட்கார்ந்து, "அப்பா, எந்த வேலையை நீங்களே தனியா செய்யணும்னு ஆசைப்படறீங்க?"ன்னு கேட்டாங்க. அப்பா கொஞ்சம் யோசிச்சு, "ராத்திரி யாரையும் எழுப்பாம பாத்ரூம் போயிட்டு வரணும்மா"ன்னார். எங்க யார்கிட்டயும் அவர் இதைச் சொன்னதில்ல. உடனே அவரைக் கட்டில்ல படுக்கச் சொல்லி, எழுந்து பாத்ரூம் போற வரைக்கும் கூடவே நடந்தாங்க. எங்க சுவரைப் பிடிக்கிறார், எங்க திரும்பும்போது தடுமாறுறார், எந்த ஸ்விட்ச் கைக்கு எட்டல, எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டாங்க. டேப்பை எடுத்து முழங்கால் மடிப்புலேர்ந்து தரை வரைக்கும் அளந்து, கட்டிலையும் அளந்து, "கட்டில் ரொம்பத் தாழ்வு, அதான் எழுந்திருக்கத் திணறுறார். கட்டில் காலுக்கு அடியில கட்டை வெச்சு உயர்த்திடலாம்"னாங்க. கையைத் தொங்கவிட்டா மணிக்கட்டு ரேகை எங்க வருதோ அந்த உயரத்துலதான் வாக்கர் கைப்பிடி இருக்கணும்னு சொல்லி, அங்கேயே சரிபண்ணிக் கொடுத்தாங்க. அப்பா அதைப் பிடிச்சுக்கிட்டு நிமிர்ந்து நடந்தார். அதைப் பார்த்துட்டு நின்ன இடத்துலயே ஃபோனை எடுத்து 48,000-ஐயும் மொத்தமா கட்டினேன். மூணு மாச பேக்கேஜ், சாமான்களும் சேர்த்து.

அதோட சரி. அவங்க அப்புறம் வரவே இல்ல.

வந்தது ஒரு பையன். கழுத்துல தொங்கின கார்டுல 'கேர் எக்ஸிக்யூட்டிவ்'னு போட்டிருந்துச்சு. உள்ளே நுழைஞ்சதும் முதல் வேலையா ஓடிபி கேட்பான். அப்புறம் அப்பா கையில ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வான், பலகை ஓட்டையில குச்சி செருகச் சொல்வான், கிளம்பிடுவான். அப்பா கைக்கு என்ன வந்துச்சு? அவர் சட்டைப் பித்தானை அவரே போட்டுக்கறவர்! பாத்ரூம் பக்கம் இவன் எட்டிக்கூடப் பார்க்கல. கேட்டா, "அது என் ஷெட்யூல்ல இல்ல மேடம்."

சாமான் கதை இன்னும் மோசம். குளிக்கிற இடத்துக்குக் கைப்பிடின்னு வந்தது, டைல்ஸ்ல காத்தை உறிஞ்சி ஒட்டிக்கிற ரகம். ஒட்டிக் காட்டி போட்டோ எடுத்துட்டுப் போயிட்டான். சாயங்காலம் நான் ஒரு இழு இழுத்தேன், கையோட வந்துடுச்சு. அப்பா முழு எடையையும் அதுல போட்டிருந்தா? கமோடு மேல வைக்கிற உயர சீட் ஒரு பக்கம் ஆடுது. கட்டிலுக்கான கட்டை வரவே இல்ல. விழற ஆபத்து அதிகமா இருக்கிற முதியவங்க வீட்டுல இடறுற, வழுக்குற விஷயங்களைச் சரிபண்ணினா விழறது 38 சதவீதம் வரை குறையுதுன்னு 2023 காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு (பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்ற அமைப்போடது) சொல்லுதாம். இவங்க விளம்பரத்துலயே பெருசா போட்டிருக்காங்க. பிடிச்சா கழண்டு வர்ற கைப்பிடியால என்னத்தைக் குறைப்பாங்க?

ஃபோன் பண்ணினா, "சீனியர் தெரபிஸ்ட் லீவுல இருக்காங்க". அடுத்து, "ஆப்ல புகார் டிக்கெட் போடுங்க". போட்டேன். யாருமே கூப்பிடாம 'தீர்க்கப்பட்டது'ன்னு மூடிட்டாங்க. கடைசியா மேனேஜர்னு ஒருத்தர் லைன்ல வந்து, "மேடம், 81 வயசுல எவ்வளவு முன்னேற்றம் எதிர்பார்க்கறீங்க?"ன்னு சிரிக்கிறார். எங்கப்பா ஓடணும்னா கேட்டார்? பாத்ரூம் போகணும்னு கேட்டார்! பணத்தைக் கேட்டதும் குரல் மாறிடுச்சு. ஓடிபி கொடுத்திருக்கோமாம், அதனால தெரபி நடந்ததா கணக்காம். 48,000-க்கு அந்தப் பையனோட ஓடிபிதான் ரசீது.

என்னென்ன கேட்கணும்னு விவரமா எழுதணும்னு உட்கார்ந்தேன், இப்போ பொறுமை இல்ல. சுருக்கமா சொல்றேன். முதல் நாள் வர்றவங்களேதான் தொடர்ந்து வருவாங்களான்னு எழுத்துல வாங்குங்க. வர்றவங்களோட படிப்பு, பதிவு எண் கேளுங்க. மொத்தப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீங்க. குளிக்கிறது, உட்கார்றது, எழுந்திருக்கிறதை அந்தந்த இடத்துலயே செய்யச் சொல்லிப் பார்க்காம, பந்தும் பலகையுமா வந்தா அன்னிக்கே நிறுத்துங்க. கைப்பிடின்னா சுவத்துல துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கினதுதான். துண்டு போடற கம்பியும் தாங்காது, ஒட்டறதும் தாங்காது. ஓடிபியை வேலை முடிஞ்ச பிறகு மட்டும் கொடுங்க.

நுகர்வோர் புகார் எழுதிக்கிட்டிருக்கேன். இதே மாதிரி ஆப்ல மாட்டினவங்க இருந்தா, 'தீர்க்கப்பட்டது'ன்னு வந்த மெசேஜ்களை அழிக்காம ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. என் ஆப்ல பழைய டிக்கெட் எல்லாம் நேத்துலேர்ந்து காணோம்.