ஆத்தூர் சாலைப் பட்டறையின் தொட்டிக்கரி: ஐந்து கிலோ, நான்கு மாதம்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் வாடை சில நாள்களில் காபியையும் மீறி நிற்கும் என்பதால், மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் பொருத்தியுள்ள ஃபில்டருக்காக, ஆத்தூர் சாலையில் உள்ள ஒரு சிறு பட்டறையில் ஆக்டிவேட்டட் கார்பன் (நுண்துளைகள் நிறைந்த கரி) வாங்கினேன். தேங்காய்த் தொட்டியில், அதாவது சிரட்டையில், செய்தது ஐந்து கிலோ. மரவள்ளிக் குச்சியில் செய்ததை, பயன்படுத்திப் பார்க்கச் சொல்லி, அவர்களாகவே ஒரு கிலோ கொடுத்தார்கள்.

தொட்டிக்கரி அரிசி நொய் அளவில் சீராக இருக்கிறது. விரலிடுக்கில் வைத்து நசுக்கினாலும் உடைவதில்லை. தட்டில் கொட்டினால் சில்லுப்போலக் கலகலக்கிறது. ஒரு கைப்பிடி அள்ளித் தண்ணீரில் போட்டதும் சுர்ரென்ற ஓசையுடன் நுண்ணிய குமிழிகள் கிளம்பி, வெகுநேரம் அடங்கவில்லை. துளைகளில் இருந்த காற்று வெளியேறுவதுதான் அது. அடுப்புக்கரியிலிருந்து இதை வேறுபடுத்துபவையும் அந்தத் துளைகளே: காற்றுப் படாமல் சுட்டெடுத்த கரியின்மீது ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவியைச் செலுத்தும்போது, நீராவி கரியில் ஒரு பங்கைத் தின்று உள்ளே வழி குடைந்துவிடுகிறது. நன்றாகத் தயாரித்த ஒரு கிராம் கரிக்குள் 1000 சதுர மீட்டர் பரப்பு, அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 25 சென்ட் நிலம், மடிந்து கிடக்கும். மருந்துக்கடை அயோடினைச் சில சொட்டு விட்டுப் பழுப்பாக்கிய தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுக் குலுக்கினேன். சற்று நேரத்தில் நிறம் வெளுத்தது. அடுப்புக்கரி போட்ட தம்ளரில் பழுப்பு அப்படியே நின்றது.

மரவள்ளிக் கரி தேறவில்லை. குச்சியின் நடுவே நெட்டிபோன்ற சோறு இருப்பதாலோ என்னவோ, கரி இலேசாகவும் மென்மையாகவும் இருந்து, இரண்டே வாரத்தில் பொடிந்து குழாயை அடைத்தது. நடவுக்கு எடுத்தது போக மிஞ்சும் குச்சியை வரப்போரம் எரித்துவிடும் இந்த வட்டாரத்தில் இம்முயற்சி பாராட்டுக்குரியதே. ஆயினும் பொடியாக விற்று, தண்ணீரில் கலக்கித் தெளியவைக்கச் சொல்வதே இதற்குப் பொருத்தம்.

என் உண்மையான குறை வேறு. ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பையும் இந்தக் கரி எடுத்துவிடும் என்று விற்பனையாளர் அடித்துச் சொன்னார். எடுக்காது. குளோரின், வாடை, நிறம், கரிமச் சேர்மங்கள் ஆகியவற்றைத்தான் கரி பிடிக்கும். மேக்னசைட் கிடைக்கும் வெள்ளைக்கல் மலை அருகே வாழும் நாம் நன்கறிந்த, உப்பாகத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அதன் வழியாக நழுவிப் போய்விடும். பையின்மீது, கரி எவ்வளவு அயோடினைப் பிடிக்கும் என்று காட்டும் அயோடின் எண்ணும் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை. கேட்டதற்கு அடுத்த முறை தருவதாகச் சொன்னார்கள்.

நான்கு மாதமாகப் பதினைந்து நாளுக்கொரு முறை தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவுகிறேன். வாடை இதுவரை திரும்பவில்லை. தீர்ந்தால் தொட்டிக்கரியை மட்டும் மீண்டும் வாங்குவேன். புதுக் கரியை முதல் முறை கழுவ ஏழு வாளித் தண்ணீர் பிடிக்கும். அதை மாடியில் வைத்துக் கழுவ வேண்டாம். எங்கள் வெள்ளையடித்த சுவரில் வழிந்த கறுப்புக் கோடுகள் இன்னும் போகவில்லை.