ஒப்பந்த அத்தியாயமா, எல்லையில் கார்பன் கட்டணமா?

வணிகத்தின் வழியே சூழலைக் காக்க நாடுகள் இரண்டு வழிகளை நாடுகின்றன. வணிக ஒப்பந்தத்திலேயே சூழல் காப்புக்கு ஓர் அத்தியாயம் சேர்ப்பது ஒன்று. இறக்குமதிப் பொருளைச் செய்தபோது வெளியான கார்பனுக்கு (உமிழ்வுக்கு) எல்லையில் கட்டணம் வாங்குவது மற்றொன்று. எது மேல் என்ற குழப்பம் பலருக்கு உண்டு. 2020-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கா–மெக்சிகோ–கனடா ஒப்பந்தத்தையும், ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் கட்டணத்தையும் எடுத்துக்கொள்வோம்.

எதைத் தொடும்?
ஒப்பந்தம்: மீன்வளம், காட்டுயிர், சட்டவிரோத மரவெட்டு.
கட்டணம்: சிமென்ட், இரும்பு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவற்றின் உமிழ்வு மட்டும்.

வேகம்?
ஒப்பந்தம்: மெதுவானது. வாக்கீட்டா என்னும் அரிய கடற்பன்றியைக் காக்காததற்காக 2022-இல் மெக்சிகோவிடம் அமெரிக்கா ஆலோசனை கோரியது. பேச்சு நீளும், அது சிக்கிச் சாகும் மீன்வலை கடலில்தான் கிடக்கும்.
கட்டணம்: 2023 அக்டோபர் முதல் கணக்குக் காட்டச் சொன்னார்கள், 2026 முதல் வரும் சரக்குக்குப் பணம்.

சுமை யாருக்கு?
ஒப்பந்தம்: அரசுகளுக்கு.
கட்டணம்: செலுத்துவது ஐரோப்பிய இறக்குமதியாளர். ஆனால் உமிழ்வைக் கணக்கிட்டுத் தரவேண்டியது இந்திய எஃகு ஆலை. சொந்த நாட்டில் கார்பன் விலை கட்டியிருந்தால் அதைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம், சரி. வசூல் மட்டும் ஐரோப்பாவிலேயே தங்குகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

நிலைப்பு?
ஒப்பந்தம்: மாற்ற எல்லோரும் சம்மதிக்கவேண்டும்.
கட்டணம்: ஒன்றியம் தனியாகவே திருத்தலாம்.

ஓர் உயிரினத்தையோ காட்டையோ காக்க ஒப்பந்தமே பொருந்தும், தகராறுத் தீர்ப்புக்கு வழி இருந்தால். இந்தியா எஃப்டா நாடுகளுடன் (சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைன்) 2024-இல் கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தத்தில் நீடித்த வளர்ச்சி அத்தியாயத்துக்கு அந்த வழி இல்லை. ஆலைப் புகையைக் குறைக்கக் கட்டணம்தான் வேகமான கருவி. ஆனால் வசூலில் ஒரு பங்கு ஏழை நாட்டு ஆலைகளின் மாற்றத்துக்குப் போகவேண்டும்.