வீட்டில் ரேடியோ இரைச்சலை அளக்க: டாங்கிளா, சிப்பா?

வரவேற்பறையில் புதிய எல்இடி விளக்கைப் போட்டால் சிங்கப்பூர்த் தமிழ் வானொலி ஒலி 96.8 கரகரக்கிறது. விளக்குதான் காரணமா என்று கணினியில் அளந்து பார்க்க ஒரு கருவி செய்யலாம் என்று இறங்கினேன். வழி இரண்டு: ரேடியோ அலையின் வலிமையை மின்னழுத்தமாக மாற்றித் தரும் ஏடி8307 என்ற சிப்பை ஆர்டுவினோ என்ற சிறு கணினிப் பலகையோடு இணைப்பது, அல்லது தொலைக்காட்சி பார்ப்பதற்காக வந்த ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளை, அதாவது கணினியின் யுஎஸ்பியில் செருகும் ரேடியோ வாங்கியை, வேலைக்கு வைப்பது. விலையில் இரண்டும் கையைக் கடிக்காது. இணைப்பிகளும் கம்பியும் சிம் லிம் டவரின் மின்னணுக் கடைகளில் கிடைக்கும். நான் டாங்கிளையே தேர்ந்தெடுத்தேன்.

சிப் மோசம் என்று சொல்ல மாட்டேன். சமிக்ஞை வலிமையில் ஒரு டெசிபெல்லுக்கு 25 மில்லிவோல்ட் என்று அதன் வெளியீடு சீராக ஏறும். ஆர்டுவினோ ஊனோ அதைச் சுமார் 0.2 டெசிபெல் நுணுக்கத்தில் படித்துவிடும். ஆனால் அது எதை அளந்தது? 500 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளே நுழையும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக நீட்டுகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சன்னலோரம் ஆன்டெனாவை வைத்தால் பண்பலை நிலையங்களே அந்த எண்ணை நிரப்பிவிடும். விளக்கைப் போட்டாலும் அணைத்தாலும் பெரிய மாற்றம் தெரியாது. விளக்கை ஒட்டிப் பிடித்தால் மட்டும் எண் துள்ளும்.

டாங்கிள் சுமார் 24 முதல் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை, ஒரு நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் துண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. விளக்கை அணைத்து ஒரு வரைபடம், போட்டு ஒரு வரைபடம். நிலையங்களின் கூம்புகள் அசையாமல் நிற்க, அவற்றுக்கு இடையே உள்ள தரை, அதாவது இரைச்சல் மட்டம், மட்டும் எழும்பியது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. சமிக்ஞையைத் தானே கூட்டிக் குறைக்கும் தானியங்கிப் பெருக்கத்தை அணைக்காவிட்டால் இரு படங்களை ஒப்பிடவே முடியாது. மடிக்கணினியின் சார்ஜரையும் பிடுங்கிவிடுங்கள். அதுவே இரைச்சல் போடும். வலுவான நிலையங்கள் உள்ளே கலந்து பொய்க்கூம்புகளையும் எழுப்பும். ஆன்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் நடுவில், சமிக்ஞையைக் குறைக்கும் 10 டெசிபெல் தணிப்பானைச் செருகுங்கள்: உண்மையான கூம்பு 10 இறங்கும், பொய்க்கூம்பு பெரும்பாலும் 30 வரை சரியும். அளவுகளும் ஒப்பீட்டு அளவுகள்தாம். உண்மைத் திறனை அறிய, அளவு தெரிந்த சமிக்ஞையோடு ஒத்துப் பார்த்தாக வேண்டும்.

உண்மைத் திறனை நேரடியாக எண்ணில் காட்டும் டைனிஎஸ்ஏ என்ற கையடக்கக் கருவியும் உண்டு. நண்பரிடம் இரவல் வாங்கிச் சற்று நேரம் பார்த்ததோடு சரி, தீர்ப்புச் சொல்ல அது போதாது. உங்கள் சந்தேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மீது என்றால் டாங்கிள் அங்கே எட்டாது. அதற்கு 8 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் ஏடி8318 சிப்பைத்தான் பார்க்க வேண்டும்.