நடுத்தரக் கையை எங்கே விடுவது: ஃபிளாப்பிலா, டர்னிலா, ரிவர் வரை போயா?

டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு; பிறகு எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று (ஃபிளாப்), அடுத்து ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்) திறக்கும். இதில் மட்டமான கை வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. அட்டகாசமான கைக்கும் பெரிய யோசனை தேவையில்லை. சிப்ஸ் (பந்தய வில்லைகள்) கரைவது இடைப்பட்ட கைகளில்தான். மூன்று விதமாகவும் ஆடிப் பார்த்துவிட்டு, டர்னில் விடும் பக்கம் வந்து நிற்கிறேன்.

கையில் ஏஸும் ஒன்பதும் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாப்பில் ராஜா, ஒன்பது, நான்கு. மூன்றும் வேறு வேறு சாதி. பாட்டில் (நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயத் தொகையில்) 100 இருக்கிறது, எதிராளி 50 பெட் (பந்தயம்) வைக்கிறார். இங்கேயே ஃபோல்டு செய்வது, அதாவது கையை விடுவது, ரொம்ப அவசரம். 50 போட்டால் 150 கிடைக்கும்; நாலு தடவைக்கு ஒரு தடவை ஜெயித்தாலே கட்டும். முன்பே ரெய்ஸ் செய்தவர் (பந்தயத்தைக் கூட்டியவர்) கையில் ஒன்றும் இல்லாமல் ஃபிளாப்பில் பெட் வைப்பதும் சகஜம். அதனால் கால், அதாவது அவர் வைத்ததற்குச் சமமாகப் போட்டுத் தொடர்வது.

டர்னில் ஒரு இரண்டு. பாட் 200, அவர் 100 வைக்கிறார். மறுபடியும் அதே 25 சதவீதம்தானே என்று தோன்றும். இல்லை. ரிவரில் அவர் 200 வைப்பார், அதற்கும் கால் செய்வோம் என்றால் இனி நாம் போடப்போவது 300. கடைசியில் பாட் 800. அதாவது 37.5 சதவீதம் ஜெயிக்க வேண்டும். டர்னில் கால் செய்துவிட்டு ரிவரில் விடலாம் என்றால், அவர் மூன்றாவது பெட் வைக்கும்போதெல்லாம் அந்த 100 வீண். கை தேறவும் வழி குறைவு: இரண்டு ஒன்பது, மூன்று ஏஸ், ஆக மொத்தம் ஐந்து சீட்டு. பார்க்காத 46 சீட்டில் இது 11 சதவீதம்கூட இல்லை. எதற்கும் உதவாத ஒரு இரண்டு விழுந்த பிறகும் ஒருவர் துணிந்து இரண்டாவது பெட் வைத்தால், சாதாரண மேசையில் அவரிடம் பெரும்பாலும் ஒரு ராஜாவாவது இருக்கும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அதே டர்னில் நமக்கு ஃபிளஷ் டிராவும் (ஒரே சாதியில் நான்கு சீட்டு கிடைத்து, ஐந்தாவதுக்குக் காத்திருப்பது) சேர்ந்துவிட்டால் கதை வேறு. ஒன்பது சீட்டு கூடிப் பதினான்காகும், அதாவது 30 சதவீதம். அப்போது தாராளமாகக் கால் செய்யலாம். டர்னில் அவர் செக் செய்து (பந்தயம் வைக்காமல் விட்டு), நாம் கடைசியாக ஆடுகிறோம் என்றால் நாமும் செக். ரிவரில் சின்ன பெட் வந்தால் பார்த்துவிடலாம்.

ரிவர் வரை போவதற்கும் இடம் உண்டு. பிளஃப் அடித்தே பழகியவர் எதிரில் இருந்து, ஃபிளாப்பில் தெரிந்த டிராக்கள் எதுவும் நிறைவேறாமல் போனால், நம் ஒன்பது ஜோடி போன்ற நடு ஜோடியும் ஜெயிக்கும் கைதான். இரண்டே பேர் ஆடும் மேசைக்கு என் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே எல்லோரும் தளர்வான கைகளோடு வருவதால் இதே ஜோடிக்கு மதிப்பு கூடும். மூன்று நான்கு பேர் ஃபிளாப் பார்த்த பாட்டில் எனக்கு அந்தத் தயக்கம் இல்லை: பின்னால் இன்னும் ஆள் இருந்தால், ஃபிளாப்பிலேயே விட்டுவிடுகிறேன்.