ஆஷா, நர்சம்மா, மிட்வைஃப்: வீடு தேடி வருபவர்களில் யார் தேவலை?

தாய் சேய் நலத் திட்டங்களை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: வீடு வீடாகப் போகும் பெண்ணுக்குக் கிடைப்பது மாதச் சம்பளமா, வேலைக்கு இவ்வளவு என்ற ஊக்கத்தொகையா? இந்தியாவின் ஆஷா, தமிழ்நாட்டின் கிராம சுகாதார செவிலியர், இலங்கையின் குடும்ப நல உத்தியோகத்தர் மூவரையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் அங்கிருந்தே தொடங்குகிறது.

ஆஷா 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு வந்தவர். ஆயிரம் பேருக்கு ஒருவர், அதுவும் அதே ஊர்க்காரர். யார் வீட்டு மருமகள் தாய்வீடு போயிருக்கிறாள் என்பதுகூட அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். பையில் தெர்மாமீட்டர், எடை பார்க்கும் தராசு, கைக்கடிகாரம். குழந்தை அழாமல் இருக்கும் நேரம் பார்த்து, சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுவார். 60-ஐத் தொட்டால் இன்னொரு முறை எண்ணுவார். அப்போதும் குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான். இந்த ஆறு நடைக்கும் சேர்த்து நிர்ணயித்த தொகை 250 ரூபாய்!

எதற்குத் தொகை உண்டோ அதுதான் முதலில் நடக்கும். அதில் ஆஷாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காகிதத்தில் அவர் இன்னமும் தன்னார்வலர். 2022-இல் உலக சுகாதார அமைப்பு ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது. 2025-இல் கேரள ஆஷாக்கள் மதிப்பூதிய உயர்வு கேட்டுத் தலைமைச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

தமிழ்நாடு ஆஷாவை மலை, பழங்குடிப் பகுதிகளோடு பெரும்பாலும் நிறுத்திக்கொண்டது. மற்ற ஊர்களில் நர்சம்மாதான், அதாவது கிராம சுகாதார செவிலியர். முறையாகப் பயிற்சி பெற்றவர், அரசுச் சம்பளம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. ஊசி போடுவார், ரத்த அழுத்தம் பார்ப்பார். கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண்ணும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் இருப்பதால் கர்ப்பிணிகளே அவரைத் தேடி வருகிறார்கள். சிக்கல் என்னவென்றால், பதிவேடு, கணினி, கைபேசிச் செயலி என்று பாதி நாள் எழுத்து வேலையிலேயே போய்விடுகிறது.

என் ஓட்டு இலங்கைக்கு. 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த ஏற்பாடு அது. சனங்கள் மிட்வைஃப் என்றே கூப்பிடும் இவருக்கு ஒன்றரை வருடப் பயிற்சி. பொறுப்பில் சுமார் 3,000 பேர். முக்கியமான விஷயம், இவர் கர்ப்பம் தரிக்கும்வரை காத்திருப்பதில்லை. கல்யாணம் ஆனதுமே தம்பதியின் பெயர் பதிவேட்டில் ஏறிவிடும். ஃபோலிக் அமிலம், ருபெல்லா தடுப்பூசி போட்டாயிற்றா என்ற விசாரிப்பு, கருத்தடை மாத்திரை எல்லாம் அங்கிருந்தே ஆரம்பம். பிரசவம் முடிந்த முதல் பத்து நாட்களில் இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

ஓட்டை இல்லாமல் இல்லை. தம்பதிகளை வைத்துத்தான் பதிவேடு என்பதால் கல்யாணமாகாத பதினாறு வயதுப் பெண் அதில் வரமாட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர் பெரும்பாலும் ஆணாக இருக்கும் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்; அவரிடம் மாதவிடாய்ச் சந்தேகம் கேட்க எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? இந்த ஒரு விஷயத்தில் தமிழ்நாடு முந்திக்கொண்டது. அங்கே புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் இலவசம். பேச்சு குறைவுதான், ஆனாலும் பொருளாவது கைக்கு வருகிறது.

இன்னொன்று இலங்கையின் மலையகம். அங்குள்ள தேயிலைத் தோட்டப்புறங்களில் தமிழ் பேசும் மிட்வைஃப்களுக்குத் தட்டுப்பாடு. சம்பளம், பயிற்சி எதிலும் கைவைக்காமல், ஆஷா முறையிலிருந்து அந்த ஊர்க்காரர் விதியை மட்டும் எடுத்துக்கொண்டு, லயத்திலேயே, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலேயே, வளர்ந்த பெண்களைத் தேடிச் சேர்த்தால் அங்கே பாதிப் பிரச்சினை தீரும்.