சனிக்கிழமையோடு முடிகிற வித்தியாசமா?

"அவங்க சனிக்கிழமை சபை." ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாரைப் பற்றி எங்கள் சிஎஸ்ஐக்காரர்களிடம் கேட்டால் கிடைக்கும் பதில் இவ்வளவுதான். நண்டு, இறால் தொடமாட்டார்கள் என்று இன்னொருவர் சேர்த்துக்கொள்வார். இரண்டும் உண்மைதான். ஆனால் பெரிய பிளவு சாவைப் பற்றியது என்பேன்.

முதலில் நாள் கணக்கு. "ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக" என்ற கட்டளை எல்லாருக்கும் பொது. அட்வென்டிஸ்டுகளுக்கு அந்த நாள் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் தொடங்கிவிடுகிறது. அதற்குள் சமையலும் துவைப்பும் முடிந்திருக்க வேண்டும். மற்றவர்கள் ஆண்டவர் உயிர்த்தெழுந்த ஞாயிறைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாளை மாற்றச் சொல்லி ஒரு வசனம் காட்டுங்கள் என்று அட்வென்டிஸ்டுகள் கேட்டால் நேரடியாகக் காட்ட முடியாது. அங்கே அவர்கள் கை ஓங்குகிறது. ஆனால் கி.பி. 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் போட்ட ஞாயிறு ஓய்வுச் சட்டத்தைப் பெரிதாகச் சொல்லும்போது வாதம் இளைத்துவிடுகிறது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடியதை ஆதித் திருச்சபை எழுத்தாளர் ஜஸ்டின் மார்ட்டர் எழுதிவைத்திருக்கிறார்.

நெல்லைச் சீமைக்கு இந்தச் சண்டை புதிதல்ல. 1857இல் மிஷனரியோடு முறைத்துக்கொண்டு நாசரேத் பக்கம் தனிச்சபை கண்ட சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகத்தின் கூட்டமும் சனிக்கிழமையை ஆசரித்தது. அட்வென்டிஸ்ட் மிஷனரிகள் அப்போது இந்தப் பக்கம் வந்திருக்கவே இல்லை.

இனி சாவு. நம் இரங்கல் சுவரொட்டிகளில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று போடுகிறோம். போட்டுவிட்டு, "அப்பா பரலோகத்திலிருந்து பார்த்துக்கிட்டிருக்காங்க" என்றும் சொல்கிறோம். நமக்கு நித்திரை மங்கலவழக்கு. அட்வென்டிஸ்டுக்கோ அச்சொட்டான உண்மை. செத்தவர் உயிர்த்தெழுதல் வரை நினைவற்றுத் தூங்குகிறார். "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" என்கிறது பிரசங்கி 9:5. ஆகவே புனிதர்களிடம் மன்றாட்டு, செத்தவர்கள் பாவம் கழியக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலம் எதற்கும் அங்கே இடமில்லை. நித்திய நரகமும் இல்லை. துன்மார்க்கர் கடைசியில் எரிந்து இல்லாமலே போவார்கள்.

அப்படியானால் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு, இன்றைக்கே என்னோடு பரதீசில் இருப்பாய் என்று இயேசு சொன்ன வாக்கு? கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் நிறுத்தற்குறி கிடையாது, "இன்றைக்கு உனக்குச் சொல்லுகிறேன்" என்று சேர்த்துப் படிக்கலாம் என்பது அவர்கள் பதில். ஆங்கிலத்தில் காற்புள்ளியை நகர்த்தினால் காரியம் முடிந்தது. நம் பழைய மொழிபெயர்ப்போ "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்று" எனக் கதவைச் சாத்திவிட்டது. தமிழில் சொல்லையே பெயர்த்து வைக்க வேண்டும்.

மற்ற சபைகள் அறவே ஏற்காத போதனை 1844. அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லர் தானியேல் புத்தகத்தை வைத்துத் தொடங்கிய கணக்கை நம்பியவர்கள் அந்த ஆண்டு அக்டோபர் 22இல் கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள், அவர் வரவில்லை. அன்று அவர் பரலோகக் கூடாரத்தில், விசுவாசிகளின் வாழ்க்கையை ஆராயும் விசாரணை நியாயத்தீர்ப்பைத் தொடங்கினார் என்று விளக்கம் பிறந்தது. பொய்த்த கணக்குக்குப் போட்ட ஒட்டு என்றே வெளியார் பார்க்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. உள்ளேயிருந்து கேள்வி கேட்ட அட்வென்டிஸ்ட் இறையியலாளர் டெஸ்மண்ட் ஃபோர்டு 1980இல் போதகர் அங்கீகாரத்தை இழந்தார். சபையை நிறுவியவர்களில் ஒருவரான எலன் வைட்டின் தரிசனங்களைத் தீர்க்கதரிசன வரமாக ஏற்பதும் இதே வேரிலிருந்து வருவது.

இத்தனைக்கும் திரித்துவம், விசுவாசத்தால் இரட்சிப்பு இரண்டிலும் அவர்கள் நம்மோடுதான். யெகோவா சாட்சிகளோடு சேர்த்துப் பேசுவது தவறு. கிறிஸ்து யாருக்கும் தெரியாமல் வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்வார் என்று பெந்தெகொஸ்தே மேடைகளில் முழங்கும் இரகசிய வருகையையும் அவர்கள் ஒப்புவதில்லை. எல்லாக் கண்களும் காணத்தான் வருவார் என்பார்கள்.

திருவிருந்துப் பந்திக்கு முன் கால் கழுவுவதும் உண்டு. கத்தோலிக்கரிடம் அது பெரிய வியாழனன்று குருவானவர் செய்வது. இங்கே பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமும் பிரிந்து, தட்டமும் துண்டுமாக ஒருவர் காலை ஒருவர் கழுவுகிறார்கள். பிறகு புளியாத அப்பமும் புளிக்காத திராட்சைச் சாறும். வேறு சபை விசுவாசிக்கும் பந்தியில் இடமுண்டு. என்னைப்போல் ஒரு சிஎஸ்ஐக்காரன் போய் உட்கார்ந்தாலும், யாராவது ஒருவர் தட்டத்தோடு வந்து குனிவார்.