டெல்டா மாணவருக்கு எந்த அயல்மொழி? பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம்: ஓர் ஒப்பீடு

தமிழும் ஆங்கிலமும் போக மூன்றாவதாக ஓர் அயல்மொழியை எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கலாமா, தொடங்குவதென்றால் எதை என்று கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் பெற்றோர் கேட்கும்போது, பேச்சு பெரும்பாலும் வேலைவாய்ப்பில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. வேலை முக்கியம்தான். ஆனால் அந்த வயதில் ஒரு மொழி கைவருமா, பாதியில் நின்றுவிடுமா என்பது, பிள்ளை ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் தமிழ் இலக்கணத்தோடு அது எவ்வளவு ஒட்டுகிறது என்பதைப் பொறுத்தது என்றே நான் கருதுகிறேன். வேற்றுமையும் புணர்ச்சியும் வகுப்பில் நடக்கும் ஆண்டுகளை விட்டுவிட்டு, பட்டம் வாங்கியபின் பயிற்சி நிலையத்தில் அவசரமாக மனப்பாடம் செய்பவர்களுக்கு இந்தத் துணை கிடைப்பதில்லை.

மூன்றில் இந்த மண்ணில் வேரோடியிருப்பது பிரெஞ்சு. இடையிடையே ஆங்கிலேயர் கைக்குப் போனாலும், காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது; 1962-இல் சட்டப்படி இந்தியாவுக்கு மாறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரீயூனியன் தீவுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் பலர் இந்தத் துறைமுகத்திலிருந்தே போனார்கள். அயலகத்தில் உறவினர் உள்ள காரைக்கால் வீட்டுப் பிள்ளைக்குப் பிரெஞ்சு ஏறக்குறைய வீட்டு மொழி. அங்கே வேறொன்றைப் பரிந்துரைக்க மாட்டேன். எழுதியபடி வாசிக்கப் பழகிய நமக்கு அதன் ஒலியாத ஈற்றெழுத்துகள் தொல்லைதான். ஆயினும் பன்மைப் பெயருக்கு முன் வரும் 'லே' என்ற சொல்லுடன் 'அமி' (நண்பர்கள்) சேரும்போது மறைந்திருந்த மெய் வெளிப்பட்டு 'லெஸமி' என்றாவதைக் கேட்கும் மாணவருக்கு, உயிர்முன் உயிர் வந்தால் என்ன ஆகும் என்று தமிழ் வகுப்பில் படித்தது நினைவுக்கு வரும்.

மற்ற ஊர்களில் பிரெஞ்சின் நிலை வருத்தமளிக்கிறது. மேல்நிலை வகுப்பில் தமிழுக்குப் பதிலாக, மதிப்பெண் கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காக அதை எடுத்து, இரண்டு ஆண்டுகள் படித்தும் ஒரு வாக்கியம் பேச முடியாத பிள்ளைகளை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்குத் தமிழும் அதே இரண்டு ஆண்டுகளில் நழுவிவிட்டது. அயல்மொழி தமிழின் பக்கத்தில் உட்கார வேண்டும். தமிழின் இருக்கையில் அல்ல.

ஜெர்மனுக்கும் டெல்டாவுக்கும் உள்ள உறவு வேறு வகையானது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியப் பாதிரியாரான சீகன்பால்கு, நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். தமிழை லத்தீன் இலக்கணச் சட்டகத்தில் விளக்கி அவர் எழுதிய நூல் 1716-இல் ஹாலே நகரில் அச்சானது. அவர் அன்று அங்கிருந்து இங்கே வந்த பாலத்தில், நம் மாணவர் இன்று எதிர்த்திசையில் நடக்கலாம். 'நாய் மனிதனைக் கடிக்கிறது' என்பதை 'மனிதனை நாய் கடிக்கிறது' என்று மாற்றினாலும் கடித்தது நாய்தான், ஏனெனில் பொருளைக் காப்பது ஐ உருபு. ஆங்கிலத்தில் இப்படி மாற்றினால் பொருள் தலைகீழாகிவிடும். ஜெர்மனிலோ 'டேர் ஹுண்ட் பைஸ்ட் டேன் மன்' என்றாலும் 'டேன் மன் பைஸ்ட் டேர் ஹுண்ட்' என்றாலும் ஒன்றே, ஏனெனில் அங்கே 'டேன்' நம் ஐ உருபின் வேலையைச் செய்கிறது. எட்டு வேற்றுமை படித்தவருக்கு அதன் நான்கு வேற்றுமைகள் அச்சமூட்டா. இடறுவது பால்பகுப்பில்தான்: மேசை ஆண்பால், கதவு பெண்பால், ஜன்னல் மூன்றாம் பால் என்பதை உயர்திணை அஃறிணை அறிந்த மனம் எளிதில் ஏற்காது, ஒவ்வொரு சொல்லையும் அதன் பாலோடு சேர்த்தே நெட்டுருச் செய்ய வேண்டும்.

பயனிலும் ஜெர்மனின் படிகள் தெளிவானவை. ஜெர்மனியில் ஊக்கத்தொகையுடன் கூடிய தொழிற்பயிற்சிக்குப் பொதுவாக, மொழித்திறனின் ஆறு படிகளில் மூன்றாவதான பி1 நிலையும், செவிலியர் பட்டத்துக்கு அங்கீகாரம் பெற நான்காவதான பி2 நிலையும் கேட்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. சாதாரண விவசாயக் குடும்பத்துக்கு இது சிறிய செய்தியல்ல.

இலக்கண நெருக்கத்தில் மட்டும் பார்த்தால் ஜப்பானியம் முந்துகிறது. 'கும்பகோணம் கரா தஞ்சாவூர் மாதே இகிமாசு' என்றால் 'கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வரை போகிறேன்'. உருபு பெயருக்குப் பின், வினை கடைசியில், சொல்லுக்குச் சொல் நம் வரிசை. கா, கி, கு, கே, கோ என்று நடக்கும் அதன் அசையெழுத்துகள் நம் உயிர்மெய் அட்டவணையைப் போலவே இருக்கும். தடை எழுத்தில் இருக்கிறது. இரண்டு வகை அசையெழுத்துகளைச் சில வாரங்களில் பழகிவிடலாம், ஆனால் பொதுப் பயன்பாட்டுக்கென வகுக்கப்பட்ட 2136 சித்திர எழுத்துகள் பல ஆண்டு உழைப்பைக் கேட்கும். 2019-இல் வந்த ஜப்பானின் திறன் பணியாளர் விசாவுக்குப் பெரும்பாலும் என்4 நிலை (ஜப்பானிய மொழித்தேர்வின் ஐந்து படிகளில் கீழிருந்து இரண்டாவது) போதும் என்பதால் நுழைவாயில் தாழ்வானதுதான். படித்து வளர்வதற்கான பாதைதான் நீளம்.

நாகூர், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் பக்கம் மதரசாவில் எழுத்தறிந்த பிள்ளைகளுக்கு அரபு பாதி தூரம் கடந்த மொழி என்பதையும் சொல்ல வேண்டும்.

குறிப்பிட்ட குடும்பத் தொடர்பு எதுவும் இல்லாத பிள்ளைக்கு நான் ஜெர்மனையே சொல்வேன். ஒன்பதில் தொடங்கினால், பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இடம் விட்டும், பள்ளி முடிவதற்குள் பி1 நிலையை எட்டிப் பார்க்க முடியும். ஜப்பானியத்தில் அதே காலத்தில் பேச்சு வந்தாலும் வாசிப்பு பின்தங்கும். ஆனால் பேருந்தில் போய்வரும் தூரத்தில் நல்ல ஜப்பானிய ஆசிரியர் ஒருவர் இருந்து, ஜெர்மனுக்கு யாரும் இல்லையென்றால், இந்த வரிசையை மாற்றிக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.